விற்றவர் சொன்னது 210, லேப் சொன்னது 152

கேள்வி: முருங்கை இலை காயவைக்கும் சோலார் டிரையரில் இரவிலும் சூடு நிற்பதற்காக 58–60 டிகிரி பாரஃபின் மெழுகு வாங்கினோம். உருகும்போது கிலோவுக்கு 210 கிலோஜூல் பிடித்துவைக்கும் என்றார் விற்றவர். லேபில் 152 வந்திருக்கிறது. யாரை நம்புவது?

பதில்: இருவருமே பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரிப்போர்ட்டோடு வந்த வரைபடத்தை எடுங்கள். சூடேற்றும்போது எந்த டிகிரியில் மெழுகு எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று காட்டுவது அது. 60 டிகிரிக்குப் பக்கத்தில் பெரிய மேடு. அதற்கு 15, 20 டிகிரி முன்னால் சின்னதாக இன்னொன்று தெரியும். உருகுவதற்கு முன்பே, திடமாக இருக்கும்போதே, மெழுகின் நீளச் சங்கிலிகள் தளர்ந்து சுழலத் தொடங்குவதால் வருவது அது. லேப் பெரிய மேட்டை மட்டும் எடுத்திருக்கும். சின்னதையும் சேர்த்தால் 180ஐ ஒட்டி வரலாம். விற்றவர் அதற்கும் மேலே, மெழுகு வெறுமனே சூடேறும்போது வாங்குவதையும் கூட்டியிருப்பார். டிகிரிக்குச் சுமார் 2 கிலோஜூல் என்றால் 15 டிகிரிக்கு 30. சரி, 210 வந்துவிட்டதா?

எல்லா மெழுகுக்கும் இரண்டு மேடு வராது. பாரஃபின் வகையிலேயே 18 கார்பன் கொண்ட சுத்தமான ஆக்டாடெக்கேனுக்கு 28 டிகிரியில் ஒரே மேடு, கிலோவுக்கு 240 கிலோஜூல் போல. ஒரே ஒரு கார்பன் கூடிய நோனாடெக்கேனுக்கு 23 டிகிரிவாக்கில் ஒன்று, 32இல் ஒன்று. இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், தரகர்கள் நீட்டும் 'சான்றிதழ்' பல நேரம் அந்த ஆக்டாடெக்கேன் வரைபடத்தின் ஜெராக்ஸ்தான். என்னிடம் வந்த ஒன்றில் மேலே '60 டிகிரி மெழுகு' என்று சீல். கீழே மேடு 28இல் நிற்கிறது! சீலைப் பார்த்து ஏமாறாதீர்கள், மேடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சாம்பிளை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். இந்த வரைபடத்தைப் போடும் டி.எஸ்.சி. கருவிக்குப் போவது 5, 10 மில்லிகிராம். ஒரு அரிசிமணியின் எடைகூட இல்லை. கட்டியின் ஓரத்தில் சுரண்டினால் ஒரு எண், நடுவில் சுரண்டினால் வேறு எண். அதனால் முழுக்கட்டியையும் உருக்கிக் கலக்கி, அதிலிருந்து நீங்களே எடுத்து, மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இலைக்கு 50 டிகிரி காற்று வேண்டுமென்றால் 40இல் இருக்கும் சின்ன மேட்டால் பயனில்லை. லேபில் கேட்க வேண்டியது, 65 டிகிரியிலிருந்து 50 வரை ஆறும்போது மொத்தம் எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்பதைத்தான். படிவத்தில் இதற்கு இடம் இருக்காது. 'உள்ளுறை வெப்பம்' (உருகும்போது வாங்கும் வெப்பம்) என்று ஒரே கட்டம் போட்டிருப்பார்கள். எத்தனை வருஷமாகச் சொன்னாலும் யாரும் மாற்றுவதில்லை. பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.