உறை அழுகலா, உறை கருகலா?

கேள்வி: சம்பா நெல் கதிர் வாங்கும் சமயத்தில் பல தூர்களில் கதிர் பாதியிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வயல்காரர் இலையுறை அழுகல் என்கிறார், மருந்துக் கடையில் இலையுறை கருகல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? உமியும் உறைதானே, எந்த உறையைப் பார்ப்பது?

பதில்: வணக்கம் அம்மா. இரண்டும் வேறு வேறு நோய்கள். பெயரைக் குழப்பிக்கொண்டு மருந்து வாங்கினால் பணம்தான் வீணாகும்.

நெல்லுக்குப் பிறவியிலிருந்தே உறைகள்தான். விதை முளைக்கும்போது குருத்தை மூடிக்கொண்டு மண்ணைத் துளைத்து வருவது முளைக்குருத்து உறை. முதல் இலை வெளிவந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். அரிசியை மூடியிருக்கும் இரண்டு செதில்கள் சேர்ந்ததே உமி. நோயின் பெயரில் வருவது இவை இரண்டும் அல்ல, இலையுறை. இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றிக் குழல்போல் தழுவியிருக்கிறதே, அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கண்ணாடி இலையின் உறைக்குள்தான் இளங்கதிர் வளர்கிறது. தொண்டைக் கதிர் என்று நாம் சொல்வது அந்தப் பருவத்தைத்தான்.

கதிர் நின்றுபோன ஒரு தூரைப் பிடுங்கி, அந்த உறையை நகத்தால் கீறிப் பிரித்துப் பாருங்கள். வெளியே சாம்பல் நடுவும் பழுப்பு ஓரமுமாக ஒழுங்கற்ற புள்ளிகள், உள்ளே வெள்ளை மாவு பூத்தாற்போல் பூசணம், நிறம் மாறிய மணிகள் இருந்தால் அது அழுகல். கருகல் கீழிருந்து ஏறும். நீர்மட்டத்தை ஒட்டிய உறையில் நீள்வட்டப் புள்ளிகளாகத் தொடங்கும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் ஒட்டியிருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அழுகலாகவே தெரிகிறது.

சிக்கிய கதிரை மீட்க முடியாது, அதை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். இனி வெளிவர வேண்டிய கதிர்களைக் காப்பாற்றலாம். யூரியாவை நிறுத்துங்கள். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். குருத்துப்பூச்சி துளைத்த தூர்களில் இந்தப் பூசணம் எளிதில் நுழையும், அதையும் கவனியுங்கள்.

இந்த வயலிலிருந்து விதை எடுக்காதீர்கள், நோய் விதை வழியாகவும் பரவும். அடுத்த பருவத்துக்கு வேறு விதை வாங்கி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து விதையுங்கள்.