பத்து நாளில் எட்டு ஊர்

அன்புள்ள ஐயா,

குரோம்பேட்டையில் இருக்கிறேன், வங்கி வேலை. டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிறாள். நேரில் காட்டினால் ஒரு பிடிப்பு வரும் என்று டெல்லி, ஆக்ரா, பதேபூர் சிக்ரி, ஜெய்ப்பூர், காசி, சாரநாத், நாளந்தா, புத்த கயா என்று எட்டு ஊர் எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவு பெரிய நாட்டில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? இந்த லிஸ்டில் எதை வெட்டலாம் என்று சொல்ல முடியுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

எட்டையுமே வெட்டிவிடுங்கள் என்றுதான் கை எழுதப் போனது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே லிஸ்டை நானும் ஒரு காலத்தில் போட்டவன். ஒரு டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டி டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் ஏழு நாளில் சுற்றி வந்தேன். பதேபூர் சிக்ரிக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். அதற்கடுத்து ஒரு பளிங்குக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அக்பர் அந்த ஊரை எதற்குக் கட்டினார், ஏன் விட்டுப் போனார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். கடையில் பார்த்த பளிங்கு யானையின் விலை மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

உங்கள் லிஸ்டில் ஊர்கள் இருக்கின்றன, கேள்வி இல்லை. உங்கள் மகள் கொட்டாவி விடுவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரிய நாட்டை முழுக்கப் பார்க்க யாராலும் முடியாது. கையில் ஒரு கேள்வி இருந்தால் எங்கே போவது என்பதை அதுவே சொல்லிவிடும். கேள்வியைத் தேடி டெல்லி வரை போக வேண்டியதும் இல்லை. எழும்பூரிலேயே ஒன்று கிடக்கிறது.

எழும்பூர் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப் போயிருப்பார்கள், நாமும் பார்த்த மாதிரி நடந்து வந்திருப்போம். ஆந்திராவில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் நின்ற பெரிய பௌத்த ஸ்தூபியின் கற்கள் அவை. 1790களில் அந்தப் பகுதி ஜமீன்தார் புதிதாக ஊர் கட்டியபோது அவருடைய ஆட்கள் ஸ்தூபி மேட்டிலிருந்து கல்லைப் பெயர்த்தார்கள். 1845-இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அங்கே தோண்டி, கிடைத்ததை மெட்ராசுக்கு அனுப்பினார். கொஞ்ச காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பிறகு அதில் ஒரு பெரிய பங்கு லண்டனுக்குக் கப்பல் ஏறியது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மிச்சம் நம்மிடம். அமராவதிக்கு இன்று போனால் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் மேடுதான்.

சரி, இப்போது மகளிடம் இப்படிக் கேளுங்கள். இதே மாதிரி இன்னொரு ஸ்தூபி, மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சியில், வேலியும் தோரண வாசல்களுமாக அதன் குன்றிலேயே நிற்கிறதே, அது எப்படித் தப்பியது?

பயணத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். போபாலில் அறை போடுங்கள். சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். ஐந்தாறு நாள் அங்கேயே இருங்கள். சாஞ்சி ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். வழியில் கடக ரேகை சாலையைக் கடக்கிற இடத்தில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தி மகளை ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமுமாக நிற்கச் சொல்லுங்கள், அது புவியியல் கணக்கில்.

சாஞ்சியில் அரை நாளாவது வேண்டும். அசோகர் காலத்தில் தொடங்கிய ஸ்தூபி அது. தோரணங்கள் பிறகு வந்தவை, கி.மு. முதல் நூற்றாண்டையொட்டி. புத்தர் கதை முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள், ஆனால் புத்தரின் உருவம் இல்லை. காலடி, போதி மரம், காலி ஆசனம், அவ்வளவுதான். எங்கெங்கே புத்தர் இருக்கிறார் என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எழும்பூர்ச் சிற்பங்களில் புத்தரை உருவமாகவும் பார்க்கலாம் என்பதால், அங்கே பார்த்துவிட்டு வந்தவளுக்கு இது உறைக்கும். இன்னொன்று, வேலிக் கற்களில் தானம் கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன: துறவிகள், பிக்குணிகள், வணிகர்கள், வீட்டுப் பெண்கள். தெற்கு வாசலில் ஒரு வேலைப்பாடு விதிஷா ஊர் தந்தச் சிற்பிகள் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. ராஜா பெயரை மனப்பாடம் செய்து அலுத்த பெண்ணுக்கு ஒரு மாறுதலாக இருக்கும்.

தப்பியது எப்படி? 1818-இல் ஆங்கிலேய அதிகாரிகள் கண்ணில் படும்போது நான்கு வாசல்களில் மூன்று நின்றுகொண்டிருந்தன. புதையல் தேடி ஸ்தூபியைக் குடைந்து நாசம் செய்ததும் பிறகு நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கிழக்கு வாசலைக் கொண்டுபோக போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகத்திடம் அனுமதி கேட்டார்கள். கடைசியில் பிளாஸ்டர் அச்சு எடுத்துக்கொண்டதோடு போயிற்று. 1819 முதல் 1926 வரை போபாலை ஆண்டவர்கள் நான்கு பேகங்கள், ஒருவர் பின் ஒருவராக. கடைசி இருவர், ஷாஜஹான் பேகமும் அவர் மகள் சுல்தான் ஜஹான் பேகமும், சாஞ்சியைக் காக்கப் பணம் கொடுத்தார்கள். ஒரு பௌத்த ஸ்தூபியை முஸ்லிம் ராணிகளின் காசு காத்தது. பாடப் புத்தகத்தில் இந்தக் கதையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

மற்றவை அதே வட்டாரத்தில் தாமாகவே வந்து சேரும். விதிஷாவில் ஒரு கருடத் தூண் நிற்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தட்சசீலத்திலிருந்து தூதனாக வந்த ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கன் வாசுதேவனுக்காக நட்டது. பக்கத்தில் உதயகிரிக் குகைகள், குப்தர் காலம். அங்கே வராகம் பூமாதேவியைத் தூக்கி நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கு மாமல்லபுரம் ஞாபகம் வராமல் போகாது. நம்முடையது அதற்கு இரண்டரை நூற்றாண்டு பின்னால்.

போஜ்பூரை விட்டுவிடாதீர்கள். போஜராஜன் கட்டி முடிக்காமல் விட்ட சிவன் கோயில், 11-ஆம் நூற்றாண்டு. முடியாமல் போனதுதான் நம் அதிர்ஷ்டம். சுற்றியுள்ள பாறைகளில் கட்டட வரைபடங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கல்லை மேலே இழுக்கப் போட்ட மண் சரிவின் மிச்சமும் பின்னால் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் ஏற்ற, சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்தே சரிவாகச் சாரம் கட்டினார்கள் என்று கதை கேட்டே வளர்ந்தவன் நான். ஏறக்குறைய அதே காலத்துச் சரிவு ஒன்றை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

பீம்பேட்காவுக்கு ஒரு காலைப்பொழுது. அங்குள்ள ஆதிமனிதர் பாறை ஓவியங்களை 1957-இல் வாகண்கர் என்ற தொல்லியலாளர் கண்டு சொன்னார். ஒரே பாறையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல காலத்து ஓவியங்கள். ஆனால் அதற்கு முன் பல்லாவரத்தில் ஒருமுறை இறங்குங்கள், உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தானே. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கல் கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதே அங்கிருந்துதான் பேசப்பட்டது. இப்போது போனால் பார்க்க ஒன்றும் இல்லை, டிராஃபிக்தான். இருந்தாலும் இறங்குங்கள்.

போபாலிலேயே பழைய யூனியன் கார்பைடு ஆலையின் பக்கம் ஒரு தாயும் குழந்தையுமாகச் சிலை இருக்கிறது. 1984 டிசம்பர் 2 இரவு அந்த ஆலையில் விஷவாயு கசிந்து என்ன நடந்தது என்பதை மகளுக்கு நீங்களே சொல்லுங்கள், கைடு வேண்டாம்.

மொகலாயர் விட்டுப்போகிறதே என்பீர்கள். விட்டுப்போகட்டும், டெல்லிக்கு இன்னொரு டிசம்பர் இல்லாமலா போய்விடும்? வீட்டில் தாஜ்மகால் பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னால் போபாலிலிருந்து ஆக்ரா அதே ரயில் பாதைதான், கடைசி இரண்டு நாளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பளிங்குக் கடைக்கு மட்டும் உள்ளே போகாதீர்கள்.

அப்புறம், எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த வாரம் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.