நான்கே போல்ட்தான், ஆனால்...

அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியின் இன்ஜினை வீட்டிலேயே மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில, இந்த இதழில்.

கேள்வி: என் புல்வெட்டி வெள்ளைப் புகை கக்குகிறது, ஆயிலையும் குடிக்கிறது. இன்ஜினையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். முதலில் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் மட்டமும் குறிக்கு மேலே ஏறியிருந்தால், கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல், நிறுத்தி வைத்திருக்கும்போது பெட்ரோல் கசிந்து ஆயில் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. ஊசியை மாற்றி, புது ஆயில் ஊற்றினால் அந்தப் புகை நின்றுவிடும்.

அது இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஓவர்ஹெட் வால்வு கொண்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில், சிலிண்டருக்கும், வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடு செல்லும் பொந்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கேஸ்கட் பட்டை கருகி விட்டுப்போவது வழக்கம். எரிந்த வாயு அந்த வழியாக ஆயில் அறைக்குள் நுழைந்து அழுத்தம் கூட்டும். அழுத்தம் தாங்காமல் ஆயில் மூச்சுக்குழாய் வழியே கார்புரேட்டருக்குப் போய் எரியும். பார்ப்பவருக்கு பிஸ்டன் ரிங் தேய்ந்ததுபோலவே தெரியும். செலவு என்னவோ ஒரு கேஸ்கட்டும் அரை நாள் வேலையும்தான்.

கம்ப்ரஷன் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஸ்டார்ட் ஆவது எளிதாக இருக்கட்டும் என்று, செல்ஃப் சுற்றும் வேகத்தில் ஒரு வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஏற்பாடு இந்த இன்ஜின்களில் உண்டு. அதனால் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து, எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்பதே சரியான சோதனை. காற்று கொடுத்ததும் கிராங்க் திடீரென்று சுற்றக்கூடும், பிளேடு பக்கம் கை இருக்கக்கூடாது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் அல்லது கேஸ்கட். கடைசி இரண்டில் எது என்பது ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: குதிரைத்திறன் ஒன்றாக இருந்தால் எந்த இன்ஜினும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் குதிரைத்திறன். முதலில் இன்ஜினின் ஷாஃப்டை அளந்து பாருங்கள். இவ்வகை வண்டிகளில் ஷாஃப்ட் கீழ்நோக்கிச் செங்குத்தாக இருக்கும். பெரும்பாலானவற்றில் விட்டம் 1 அங்குலம் (25.4 மி.மீ.), இன்ஜின் அடிப்பரப்பிலிருந்து நீளம் 3-5/32 அங்குலம் (சுமார் 80 மி.மீ.), புல்லி வழுக்காமல் பிடிக்கும் கீயின் அகலம் 1/4 அங்குலம். கீழ் முனையில் புல்லியைப் பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கனமான வண்டிகளில் 1-1/8 அங்குல ஷாஃப்டும் உண்டு. அதில் உங்கள் பழைய புல்லி ஏறாது.

விட்டம் சரியாக இருந்து நீளம் மாறினாலும் தொல்லைதான். புல்லி மேலேயோ கீழேயோ தள்ளி உட்காரும். பின்னாலுள்ள கியர்பெட்டி புல்லியோடு நேர்கோட்டில் இராது. பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கழன்று விழும். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் ஸ்பேசர் போட்டு இறக்கிச் சமாளிக்கலாம். குட்டையாக இருந்தால் வழியில்லை.

அடுத்து அடித்தளத்தின் நான்கு போல்ட் துளைகள். மூலைவிட்டமாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எக்ஸாஸ்ட் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஆயில் வடிக்கும் துளை சேஸில் இடிக்குமா, பானெட் மூடுமா என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க் கார்புரேட்டரை விடத் தாழ்ந்திருந்தால், கிராங்க் அறையின் அழுத்த ஏற்ற இறக்கத்தில் இயங்கும் பெட்ரோல் பம்ப் கட்டாயம் வேண்டும். புது இன்ஜினில் அது இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

கேள்வி: தண்ணீர் பம்பில் இருந்த நல்ல இன்ஜின் ஒன்று சும்மா கிடக்கிறது. போடலாமா?

பதில்: அதன் ஷாஃப்ட் படுத்திருக்கும், உங்களுக்கு நிற்க வேண்டும். சாய்த்து வைத்தால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. சும்மாவே கிடக்கட்டும்.

கேள்வி: எல்லாம் கழன்றுவிட்டது, அடியில் ஷாஃப்டில் இருக்கும், பிளேடைச் சுற்றவிடும் மின் கிளட்ச் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்பது இதுதான். ஷாஃப்டுக்கும் கிளட்சுக்கும் நடுவே துரு கட்டியிருக்கும். போல்டைக் கழற்றிய பிறகு, துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்தும் கீழிருந்தும் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கீழே இழுக்காமல், முதலில் இடமும் வலமும் சிறிதாக அசைக்கப் பாருங்கள். கீ இருப்பதால் சுற்றாது, ஆனால் அந்த அசைவில் துரு உடையும். அசைவு தெரிந்தபின் கீழ்நோக்கி இழுக்கலாம். கிளட்சின் வெளி விளிம்பில் புல்லர் மாட்டினால் தட்டு வளைந்துவிடும், அப்புறம் அது எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். அதற்கு வரும் வயரை முதலிலேயே பிடுங்கி விடுங்கள். மறந்துபோய் அறுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

போல்டே சுற்றாமல் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் இம்பாக்ட் ரெஞ்ச் நல்லது. இல்லாவிட்டால் இன்ஜின் மேலுள்ள கனமான சக்கரமான ஃபிளைவீலைப் பட்டையால் இறுக்கிப் பிடியுங்கள். அதன் விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் இதழ் உடையும்.

திரும்ப மாட்டும்போது ஷாஃப்டில் துரு பிடிக்காத பசையை மெல்லப் பூசுங்கள். போல்டை சுமார் 68 நியூட்டன் மீட்டர் (50 அடி-பவுண்டு) வரை இறுக்குங்கள். கிளட்ச் உடம்பு சுற்றாமல் தடுக்கும் பட்டையின் பள்ளத்தில், அதில் நுழையும் முளை சற்றே ஆட இடம் வேண்டும். ‘ஆடுகிறதே’ என்று அதையும் இறுக்கிக் கட்டினால் கிளட்ச் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: பழைய இன்ஜினின் வயர் நிறங்களும் புதியதன் நிறங்களும் ஒத்துப்போகவில்லை. சாக்கெட்டும் வேறு. எதை எதோடு சேர்ப்பது?

பதில்: நிறத்தை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வயரும் எங்கே போய் முடிகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். இன்ஜினிலிருந்து வெளியே வருவது மூன்று வேலைகளுக்கான வயர்கள்தான், செல்ஃபின் தடித்த வயர் தவிர.

முதலாவது, இக்னிஷன் காயிலிலிருந்து வரும் நிறுத்தும் வயர். இதை எர்த்தில் தொட்டால் இன்ஜின் நிற்கும், விட்டால் ஓடும். தப்பித்தவறிக்கூட இதற்கு 12 வோல்ட் கொடுக்காதீர்கள், காயில் கருகிவிடும். சாவித் துவாரத்தின் பின்னால் பொதுவாக பி, எஸ், எம், ஜி, எல் என்று முனைகள் இருக்கும். சாவி நிறுத்த நிலையில் எம் முனையும் எர்த்துக்கான ஜி முனையும் மல்டிமீட்டரில் இணைந்து காட்ட வேண்டும், ஓடும் நிலையில் பிரிய வேண்டும். அப்படிக் காட்டும் எம் முனைதான் இந்த வயருக்கு உரியது. இரட்டை சிலிண்டர் என்றால் இரு காயில்களின் நிறுத்தும் வயர்களுக்கு நடுவே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் இருக்கும். அந்த வயர் கட்டை வெட்டிவிட்டு வெறும் வயரால் இரண்டையும் சேர்த்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடாது.

இரண்டாவது, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள சோலனாய்டு, அதாவது பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு. சாவி ஓடும் நிலையில் இதற்கு 12 வோல்ட் வர வேண்டும். வந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய இன்ஜினில் இது இல்லாமல் இருந்து, புதியதில் இருந்தால், வண்டியில் அதற்கான வயரே இருக்காது. ‘செல்ஃப் சுற்றுகிறது, பிளக் பொறி விடுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று வரும் கடிதங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மூன்றாவது, ஃபிளைவீலுக்கு அடியிலுள்ள சார்ஜிங் காயில். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு வகையில் வயரிலேயே ஒரு டயோடு இருந்து பேட்டரிக்குச் சுமார் 3 ஆம்பியர் டி.சி. போகும். இன்னொரு வயரில் விளக்குக்கு மட்டும் ஏ.சி. போகும். அந்த ஏ.சி. வயரைப் பேட்டரியில் கொடுத்துவிட்டால் சார்ஜிங் காயிலே எரியலாம். வேறொரு வகையில் இரண்டு ஏ.சி. வயர்கள் ரெகுலேட்டருக்குப் போய், அங்கிருந்து ஒரே டி.சி. வயராக வெளிவரும். உங்கள் வண்டியில் மின் கிளட்ச் இருந்தால் இந்த இரண்டாம் வகைதான் வாங்க வேண்டும். கிளட்சே 3 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் காயில் அதற்கே போதாது, பேட்டரிக்கு என்ன மிஞ்சும்?

இணைத்து முடித்ததும் இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். ரெகுலேட்டர் உள்ள வகையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

கேள்வி: ஒற்றை சிலிண்டருக்குப் பதில் இரட்டை சிலிண்டர் போட்டால் வண்டி வேகமாக வெட்டுமா?

பதில்: வெட்டாது. பிளேடின் வேகத்தை முடிவு செய்வது புல்லி விகிதமும் இன்ஜினின் சுற்றும்தான். இரண்டு இன்ஜினிலும் உச்ச வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் போகாது. அடர்ந்த புல்லில் திணறாமல் போகும், அதிர்வு குறையும், அவ்வளவே. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகி வேகத்தைக் கூட்ட நினைக்காதீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தில் பிளேடு முனையின் வேக வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, வண்டியை வடிவமைப்பவர்கள் அதையொட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இரட்டையில் எக்ஸாஸ்ட் வாய் இரண்டு. பழைய சைலன்சர் உதவாது. இரண்டையும் சேர்க்கும் குழாயும் அதற்கேற்ற சைலன்சரும் தேட வேண்டும். வெப்பத் தடுப்புத் தகட்டையும் விட்டுவிடாதீர்கள். சைலன்சர் மேல் சேரும் காய்ந்த புல் தீப்பிடிக்கும்.

கேள்வி: இன்ஜினை உட்கார வைத்துவிட்டேன். போல்ட் துளையில் மரையே இல்லையே?

பதில்: புது இன்ஜினில் சில சமயம் அப்படித்தான் வரும். தானே மரை வெட்டிக்கொண்டு போகும் போல்ட் அதற்கென்றே உண்டு. அடிப்பாகம் அலுமினியம் என்பதால் நேராகக் கையால் துவக்கி, பிறகு ஸ்பேனர் வையுங்கள். உட்கார வைக்கும் இடத்தில் சேஸின் பெயின்டைச் சுரண்டி விடுங்கள். இல்லாவிட்டால் எர்த் சரியாகக் கிடைக்காமல், புது செல்ஃபும் முக்கி முனகித்தான் சுற்றும்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிறது. பிளேடைப் போட்டதும் நின்றுவிடுகிறது. இன்ஜின் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சீட்டுக்கு அடியிலுள்ள சுவிட்சின் வயர், இன்ஜினைத் தூக்கும்போது கழன்றிருக்கும். நீங்கள் உட்கார்ந்திருப்பது வண்டிக்குத் தெரியவில்லை. சுவிட்சை நேர் இணைப்பு கொடுத்து ஏமாற்ற வேண்டாம். வண்டியிலிருந்து விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான். சுவிட்ச் சரியாக இருந்தும் நின்றால், கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தையும் பேட்டரியையும் அளந்து பாருங்கள்.

கேள்வி: ஆயில் எவ்வளவு, எப்போது மாற்றுவது?

பதில்: புது இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் வரும், ஊற்றாமல் சாவி போடாதீர்கள். ஒற்றைக்குச் சுமார் 1.4 லிட்டர், இரட்டைக்குச் சுமார் 1.9 லிட்டர், இறுதியில் குச்சியே சாட்சி. வெயில் காலத்துக்கு எஸ்.ஏ.இ. 30 தர ஆயில் போதும். முதல் மாற்றம் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு. அப்போதே நான்கு போல்டுகளையும் சைலன்சர் போல்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், சூட்டிலும் அதிர்விலும் தளர்ந்திருக்கும்.