மாதக் கடைசிக்குள் ஆறு குட்டிகளுக்கும் வீடு கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தெருமுனை டீக்கடையை ஒட்டித் திரியும் நாய் ஒன்று, கொட்டுகிற மழையில் சாக்கடை ஓரமாகக் குட்டி போட்டுவிட்டது. தாயையும் ஆறு குட்டிகளையும் தூக்கி வந்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறோம். நாலு பெண், இரண்டு ஆண். இன்றைக்கு 12 நாள் ஆகிறது, இப்போதுதான் கண் திறக்கின்றன. மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்கிறார் ஹவுஸ் ஓனர். செங்கல் சூளைக்காரர் ஒருவர் காவலுக்கென்று இரண்டு ஆண் குட்டிகளையும் இப்போதே கேட்கிறார். கொடுக்கலாமா? மற்றவற்றுக்கு எப்படி வீடு தேடுவது? எங்களுக்கு ஆறு வயதில் பையன் இருக்கிறான், அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். எட்டு வாரம் முடியும் வரை எந்தக் குட்டியும் தாயை விட்டுப் போகக் கூடாது. மாதக் கடைசியில் இவற்றுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். அந்த வயதில் பிரித்தால் பால் மட்டும் போவதில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவை கத்துவதிலிருந்தும், தாய் உறுமுவதிலிருந்தும் குட்டி கற்றுக்கொள்வது ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்தான். அதைக் கற்காமல் போகிற குட்டி ஆறு மாதத்தில் 'கடிக்கிற நாய்' என்று பெயர் வாங்கி, திரும்பத் தெருவுக்கு வரும். ஆக, நீங்கள் முதலில் சம்பாதிக்க வேண்டியது ஹவுஸ் ஓனரிடம் இன்னும் ஒரு மாதம்.

அவரிடம் சட்டம் பேச வேண்டாம். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம், தவிர நீங்கள் தொடர்ந்து அங்கே குடியிருக்க வேண்டியவர்கள். அவருடைய கோபம் பெரும்பாலும் நாற்றமும் சத்தமும் பற்றியதாகத்தான் இருக்கும். செய்தித்தாளை ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றுங்கள், துணிகளை வெயிலில் காயப்போடுங்கள். எந்தத் தேதிக்குள் கடைசிக் குட்டியும் போய்விடும் என்று எழுதிக் கொடுங்கள். 'கொஞ்ச நாள்தான் சார்' என்பதைவிட ஒரு தேதி சொன்னால் மனிதர்கள் இறங்கி வருவார்கள்.

அடுத்தது தாய். எல்லோரும் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவளோ எலும்பும் தோலுமாக இருப்பாள். பால் சுரப்பு உச்சத்துக்குப் போவது மூன்றாவது, நான்காவது வாரத்தில். ஆறு குட்டிக்குப் பால் கொடுக்கிறவளுக்கு அப்போது வழக்கத்தைவிட மூன்று மடங்கு சாப்பாடு தேவைப்படும். தயிர் சோறு போதாது. வேகவைத்த கோழி, ஈரல், முட்டை இவற்றோடு சோறு, ஒரு நாளைக்கு நாலு வேளை. வெங்காயம் போட்ட குழம்பைக் கலக்காதீர்கள், வெந்த கோழி எலும்பையும் போடாதீர்கள், அது சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த வாரங்களில் அவள் திடீரென்று நிலைகொள்ளாமல் நடப்பது, மூச்சிரைப்பது, கால் விறைப்பது, உடம்பு நடுங்குவது என்று எதைக் கண்டாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். பாலில் கால்சியம் போய்ப்போய் இரத்தத்தில் அது குறைந்துவிட்டதன் அறிகுறி அது. குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், சில மணி நேரத்தில் உயிர் போகும். அதற்குப் பயந்து நீங்களாகவே கால்சியம் டானிக் ஊற்றவும் வேண்டாம், எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். நடக்க முடியாத விலங்கு என்றால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் இருக்கிறது.

குட்டிகளுக்கு இப்போதைக்குத் தாய்ப்பால் போதும். ஒவ்வொன்றையும் தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் நகத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் அடையாளம் தெரியும். எடை ஏறாத குட்டிதான் முதலில் நோயில் விழும். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்வதைவிட இந்த எண்கள் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடும். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று அர்த்தம், தனித்தனியாக விலகிக் கிடந்து முனகினால் சூடு தாங்கவில்லை. சாக்கை விடப் பழைய பருத்திப் புடவை நல்லது, நகம் மாட்டாது.

மூன்று வாரம் தாண்டியதும் தட்டையான தட்டில் கரையக் கரைய மசித்த சோறும் கோழி வேகவைத்த தண்ணீரும், அப்புறம் முட்டை, வெந்நீரில் ஊறவைத்த குட்டிகளுக்கான தீனி என்று ஆரம்பிக்கலாம். முதல் நாள் தட்டில் ஏறி உட்கார்ந்து குளிப்பார்கள், பரவாயில்லை. மாட்டுப்பால் வேண்டாம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட மிக அதிகம், பசும்பாலின் லாக்டோஸ் குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும்.

குடற்புழுவுக்கான பூச்சி மருந்தை இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்கு அது இந்த வாரம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்து. தெருநாயின் குட்டிகளுக்கு உருளைப்புழு கருப்பையிலேயே தொற்றியிருக்கும், தாய்ப்பால் வழியாகவும் இறங்கும். உங்கள் பையன் விஷயமும் இங்கேதான் வருகிறது. இந்தப் புழுவின் முட்டை குழந்தைகளுக்கும் தொற்றும். குட்டிகளின் மலத்தை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும், அவன் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த இரண்டையும் பழக்கமாக்கினாலே பாதிக் கவலை தீரும்.

மீதிப் பாதி வெறிநோய். தாய்க்குப் பாலூட்டும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போடலாம், தள்ளிப் போடாதீர்கள். குட்டிகளுக்கு அது மூன்று மாதத்தில்தான். அதுவரை பையன் மேல் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், 'குட்டிதானே' என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். போன அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து ஒவ்வொன்று என்று நாலு தவணை, ஒன்றையும் விடக் கூடாது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள். தாய் படுத்திருக்கும் மூலைக்கு அவன் தனியாகப் போக வேண்டாம். எவ்வளவு சாதுவான நாயும் குட்டி போட்ட முதல் வாரங்களில் வேறு ஆளாக இருக்கும்.

மற்றபடி அவன் இருப்பது குட்டிகளுக்கு நல்லதே. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு குட்டி எதை எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதெல்லாம் அதற்கு ஆயுசுக்கும் சாதாரணம். மிக்ஸி, குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட ஆள், கோலூன்றி நடக்கும் தாத்தா, சின்னப் பையன். நீங்கள் பக்கத்தில் இருக்க அவன் தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

குட்டி போடும் வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது பார்வோ என்ற வைரஸ் நோய்க்குத்தான். வாந்தி, இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். ஃபீனாயில் போட்டுத் துடைத்தால் வாசனைதான் வருமே தவிர பார்வோ சாகாது. சோப்பால் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே குட்டிகளை விட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டு, கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி, அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நாலு மாதம் வரை. முதல் ஊசி போட்டு, அந்த அட்டையோடுதான் குட்டியைக் கொடுக்க வேண்டும்.

சரி, வீடு தேடும் விஷயத்துக்கு வருவோம். ஐந்தாவது வாரத்தில் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், தரையோடு தரையாகக் குனிந்து, ஒரு படத்துக்கு ஒரு குட்டி. ஆறையும் கூடையில் போட்டு எடுத்த படத்தை எல்லோரும் லைக் போடுவார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். 'இலவசம்' என்ற சொல்லைப் போடாதீர்கள், அது வேண்டாத ஆட்களைத்தான் இழுத்து வரும். நாட்டு நாய், பெண், வளர்ந்தால் 15 கிலோவுக்கு மேல் போகும் என்று உள்ளதை எழுதுங்கள். மருத்துவமனை அறிவிப்புப் பலகை, தெருவின் வாட்ஸப் குழு, பால்காரர், மருந்துக்கடை என்று சொல்லி வையுங்கள். என் அனுபவத்தில் இணையத்தில் முகம் தெரியாதவர் கேட்டு வாங்கிய குட்டியைவிட, பால்காரர் சொல்லி வந்த வீட்டில் குட்டி நிலைக்கிறது.

பெண் குட்டிகள்தான் தேங்கும், இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 'பொட்டைக் குட்டி வேண்டாம்மா' என்பதை நிறையக் கேட்பீர்கள். அவர்கள் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. பருவத்துக்கு வந்தால் வாசலில் கடுவன்கள் கூட்டம், பிறகு இன்னொரு ஈடு குட்டி. இதற்குக் கருணை பற்றிப் பேசிப் பயனில்லை. 'ஆறு மாதத்தில் கருத்தடை அறுவைக்கு நானே அழைத்துப் போகிறேன், செலவும் என்னுடையது' என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் மனம் மாறுவார்கள். விலங்கு நல அமைப்புகளிலும், கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தனியாரைவிடக் குறைந்த செலவில் செய்வார்கள். நாலு பெண் குட்டியை அப்படியே கொடுத்தால், அடுத்த வருடம் உங்களைப் போல நாலு பேர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.

கேட்டு வருகிறவரிடம் தயங்காமல் கேள்வி கேளுங்கள். பகலில் வீட்டில் யார்? தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? வாடகை வீடு என்றால் ஓனருக்குத் தெரியுமா? வீட்டுப் பாட்டிக்குச் சம்மதமா? பாட்டி வேண்டாம் என்றால் அந்தக் குட்டி இரண்டு மாதத்தில் திரும்பி வரும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: இந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் நாய்க்குட்டி ஏதாவது இறந்ததா? இறந்தது, வயிற்றுப்போக்கில் இறந்தது என்றால் பார்வோ இன்னும் அந்த வீட்டில் இருக்கலாம். ஊசிகள் முழுக்க முடியாத குட்டியை அங்கே அனுப்பக் கூடாது.

குட்டியை அவர்கள் வந்து எடுத்துப் போக விடாமல் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். கேட்டில் இடைவெளி, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, தயாராகத் தொங்கும் சங்கிலி எல்லாம் அங்கே போனால்தான் தெரியும். கருத்தடை செய்வேன், வளர்க்க முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன் என்று ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை நகலோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் கையெழுத்து என்றதும் நழுவுகிறவர்கள் யாரென்று தெரிந்துவிடும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் கொடுப்பதாக இருந்தால் அங்கே வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சூளைக்காரரை நான் எடுத்த எடுப்பில் நிராகரிக்க மாட்டேன். திறந்த இடம், எந்நேரமும் ஆட்கள், நாட்டு நாய்க்கு ஏற்ற வாழ்க்கைதான். கேட்க வேண்டியது ஒன்று: மழைக்காலத்தில் சூளை நின்று, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள்? காவலாளி குடும்பத்தோடு வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறார் என்றால் எட்டு வாரம் முடிந்து ஒரு குட்டியைக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் வேண்டாம். ஒன்றாகவே வளரும் உடன்பிறப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே மனிதர்களிடம் ஒட்டாமல் போவதுண்டு. மழைக் கேள்விக்கு அவர் மழுப்பினால், ஒன்றுகூட வேண்டாம்.

கொடுத்த மறுநாள் ஒரு போன், ஒரு வாரத்தில் ஒன்று, அடுத்த ஊசித் தேதிக்கு முந்தின நாள் ஒன்று. முதல் இரண்டு இரவு குட்டி அழும், புது வீட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்கள். தாயின் வாசனை உள்ள துணியில் ஒரு கிழிசல் கொடுத்தனுப்புங்கள், படுக்கையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தாய். குட்டிகள் பால் மறந்து, அவளுக்குப் பால் வற்ற இரண்டு மூன்று வாரம் ஆகும், அதன்பின் கருத்தடை. தள்ளிப் போட்டால் ஆறு மாதத்துக்குள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடுவாள். அவளுக்கும் வீடு கிடைத்தால் நல்லது, வளர்ந்த நாய் என்பதால் குணம் தெரிந்து எடுக்கிறவர்கள் சிலர் உண்டு. கிடைக்காவிட்டால் 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள் சொல்கிறபடி அவள் திரிந்த அதே இடத்தில் விடுவதுதான் முறை. அறுவையின்போதே காதில் அடையாள வெட்டுப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாநகராட்சி வண்டி மறுபடி பிடித்துப் போகும். தையல் ஆறும் வரை பத்து நாள் உங்களிடம் இருக்கட்டும். அதற்குள் டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள், தினம் பொறை போட்டவர் அவர்தானே.