10–15 டிகிரி இரவில் ஹேமக்கில் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கை) தூங்க விலை குறைந்த அண்டர்குயில்ட் (அதற்கு அடியில் கட்டும் பஞ்சுப் போர்வை) எது? யோகா பாய் போதாதா?

யோகா பாய் என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் அதே பாயை விரித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க நடுங்கியிருக்கிறேன்.

நீங்கள் அநேகமாக இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருப்பீர்கள். ஹேமக் வாங்கியாகிவிட்டது, ஒரு தடவை படுத்துப் பார்த்து முதுகு சில்லிட்டிருக்கும், இணையத்தில் விலையைப் பார்த்து மலைத்திருப்பீர்கள். அப்படி என்றால் என் பதில்: பாய் ஒப்பேற்றும், ஆனால் நிம்மதியான தூக்கம் வராது. 10–15 டிகிரிக்கு விலை உயர்ந்த வாத்துத் தூவியும் தேவையில்லை. பாலியஸ்டர் பஞ்சு வைத்த அண்டர்குயில்ட் போதும், அதை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

2023 ஈஸ்டர் விடுமுறையில் ஹோவிக் பக்கம் ஒரு பண்ணையில் முகாம் போட்டோம். என் மாமியாருக்கு அதில் விருப்பமில்லை. ஈஸ்டர் என்றால் அவர்கள் குடும்பம் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டும், தலைமுறை தலைமுறையாக வழக்கம். ஆனாலும் போனேன். 5 டிகிரிக்குத் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக்கை நம்பினேன். அன்றிரவு 12 டிகிரிதான். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. நெஞ்சு கதகதப்பாக இருக்கிறது, முதுகு மட்டும் ஈரத்துணி ஒட்டியதுபோல் சில்லென்று இருக்கிறது. கையை முதுகுக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். மேலே மூன்று விரல் கனம் இருக்கும் பேக், என் எடை பட்ட இடத்தில் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது.

விஷயமே அதில்தான் இருக்கிறது. சூடு தருவது துணியல்ல, பஞ்சுக்குள் அடைபட்ட காற்று. நசுங்கிவிட்டால் அந்தக் காற்று இல்லை. தரையில் படுத்தால் கீழே பாயோ மண்ணோ இருக்கும். ஹேமக்கில் நம் முதுகுக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அண்டர்குயில்ட்டை உள்ளே விரிக்காமல் ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகிறார்கள். அங்கே அதை நசுக்க ஆளில்லை. தூளியில் குழந்தையைப் போடும்போது நம் பாட்டிமார் அடியில் பழைய புடவையை நாலு மடிப்பாகப் போடுவார்கள், குழந்தையின் எடைக்கு அது சரி. 78 கிலோ ஆளுக்கு அது செல்லாது.

அடுத்த தடவை யோகா பாயோடு போனேன். அடியில் குளிர் குறைந்தது உண்மை. ஆனால் ஹேமக்கில் சற்றுக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும். புரளும்போதெல்லாம் பாய் ஒரு பக்கம் நழுவியது. பாய் அகலம் 60 செ.மீ., ஹேமக் துணி தோளை இரண்டு பக்கமும் அணைக்கும், அந்த இடத்தில் பாய் எட்டவில்லை. பாயின் மேல் வியர்வை வேறு. விடியும்போது சட்டை நனைந்திருந்தது.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். விலை 1,400 ராண்ட். கொண்டுவந்து கொடுத்த கூரியர் நிறுவனம் 15 சதவீத வாட், சுங்க வரி, அதற்கு மேல் 'கிளியரிங்' என்று தங்கள் கட்டணம், அதை முன்பணமாகக் கட்டியதற்கு இன்னொரு கட்டணம் என்று 600 ராண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். வரியைப் பற்றி எனக்குக் குறையில்லை, நாட்டுக்குப் போகிறது. மற்ற இரண்டும் எதற்கு என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே வரவில்லை. வெளிநாட்டுப் பொருள் மலிவு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த அண்டர்குயில்ட்டிலும் குளிர்ந்தது. வாசல் மரத்தில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "இதப் பாரு தம்பி, ஊசி போன எடத்துல எல்லாம் பஞ்சே இல்ல" என்றார். கட்டம் கட்டமாக மேல் துணி முதல் கீழ் துணி வரை சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு தையல் கோட்டிலும் பஞ்சு நசுங்கி வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வரும் வழியில் குளிரும் வரும்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 16 வயதில் டர்பனில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்து 28 வருடம் ஆண்கள் சட்டைக்குக் காலர் தைத்தவர். 1990களில் இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டு உடுப்பு மலிவாக வந்து குவிந்தபோது மூடிய ஆலைகளில் அவருடையதும் ஒன்று. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் இப்படி வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அவர்கள் காலர் தைத்த காசு. இன்று அதே பிள்ளைகள் விருந்தில் "அம்மா சும்மா மெஷினிஸ்ட்தான்" என்று சொல்லிக் கேட்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் நான் இன்று கதகதப்பாகத் தூங்குவது அந்தக் கையால்.

அவர் செய்தது இதுதான். வீட்டில் கிடந்த இரண்டு பழைய பாலியஸ்டர் டூவே (பஞ்சுப் போர்வை) உள்பஞ்சுகளை எடுத்தார். இரண்டிலும் தையல் கோடுகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும்போது மேல் அடுக்கின் கோடு, கீழ் அடுக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழும்படி நகர்த்தி வைத்தார். மெல்லிய இடம் எதுவும் ஒன்றின் மேல் ஒன்று வரவில்லை. எந்தக் கம்பெனிக்காரரும் எனக்குச் சொல்லாத யோசனை. கிரே ஸ்ட்ரீட் என்று நாங்கள் இன்னும் சொல்லும் யூசுப் டாடூ தெருவில் எளிதில் கிழியாத ரிப்ஸ்டாப் நைலான் துணி வாங்கி உறை போட்டார், ஓரத்தில் மட்டும் தையல். நீளவாக்கில் இரண்டு பக்கமும் எலாஸ்டிக் கயிறு ஓட மடிப்பு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இழுத்துச் சுருக்க நாடா. துணி, கயிறு எல்லாம் 450 ராண்டுக்குள் முடிந்தது. உறைக்குத் தார்பாலின், பிளாஸ்டிக் பூசிய துணி வேண்டாம். உடம்பின் ஆவி வெளியேற முடியாமல் பஞ்சு ஈரமாகும்.

எடை 1.4 கிலோ. இதற்கு ஒருவர் வந்து "தூவி வைத்தது 500 கிராமில் முடியும்" என்று எழுதப்போகிறார். உண்மைதான். டிரேக்கன்ஸ்பெர்க் மலையில் மூன்று நாள் முதுகில் சுமந்து நடப்பவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. காரில் கொண்டுபோய் இறக்கி மரத்தில் கட்டுகிறவருக்குச் சொல்கிறேன். அதோடு நம் கடற்கரைப் பக்கக் காற்றின் ஈரம், மலையடிவார மூடுபனி இரண்டிலும் தூவி நனைந்தால் அமுங்கிப்போகும், காய நேரம் பிடிக்கும். பாலியஸ்டர் நனைந்தாலும் ஓரளவு தாங்கும்.

தொங்கவிடுவதில்தான் பாதி வேலை. தளர்வாக விட்டால் முதுகுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி வந்து காற்று புகும். இறுக்கினால் பஞ்சு நசுங்கி மறுபடியும் அப்பளம். ஆள் இல்லாதபோது அண்டர்குயில்ட் ஹேமக்கை லேசாக மேலே ஏந்திக்கொண்டிருக்க வேண்டும், நீங்கள் படுத்ததும் இரண்டும் சேர்ந்து இறங்கும். படுத்தபின் வேறொருவரைப் பக்கவாட்டில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு என் மகள் பார்த்தாள். இடுப்புக்கடியில் அவள் கை தாராளமாகப் போய்வந்தது, கால்மாட்டு நாடாவை நாலு விரல் இழுத்ததும் சரியானது. மே மாதம் அதே பண்ணை, 9 டிகிரி. ஹடீடா பறவை கத்தி எழுப்பும்வரை தூங்கினேன்.

தைக்க ஆளில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்னக்பேக், ஒன்டைக்ரிஸ் போன்ற கம்பெனிக்காரர்கள் பாலியஸ்டர் பஞ்சில் செய்கிறார்கள். 'மூன்று பருவத்துக்கு ஏற்றது' என்ற விளம்பர வாசகத்தை விட்டுவிட்டுப் பஞ்சின் கனத்தைப் பாருங்கள். கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் என்ற பாலியஸ்டர் பஞ்சு என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 85 கிராம் 10 டிகிரிக்கும், 120 கிராம் 5 டிகிரிக்கும் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு 120 கிராம் எடுங்கள், குளிர் ஒரு ராத்திரி கூடினாலும் கவலையில்லை. அந்தப் பஞ்சுக்கு நடுவில் தையலே வேண்டாம், ஓரம் தைத்தால் போதும். காசு குறைய வேண்டுமானால் தோளிலிருந்து முழங்கால்வரை வரும் முக்கால் நீளம் வாங்கிக் காலுக்கு மட்டும் அந்த யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள்.

தைப்பதாக இருந்தால் கடையில் துணி வெட்டும் முன் உங்கள் ஹேமக்கில் தூங்குகிற மாதிரியே குறுக்காகப் படுங்கள். தோளும் முழங்காலும் படும் இடத்தை ஒருவர் அடியிலிருந்து சாக்பீஸால் குறிக்கட்டும். அத்தை என்னை அப்படித்தான் படுக்க வைத்துக் குறித்தார். நான் சொல்லியிருந்த அளவைவிட அகலம் ஒரு சாண் கூடுதலாக வந்தது.