அரைத்தது யார்?

கேள்வி: வயது 33, கோவையில் மென்பொருள் வேலை. நான்கு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் இந்தியச் சமையல் கற்கக் கிளம்பியிருக்கிறேன். ஃபோர்ட் கொச்சியில் இரண்டு வகுப்புகள், பிறகு கோட்டயத்தில் ஒரு வீட்டில் தங்கல், இப்போது கொல்கத்தாவில் நண்பர் வீடு. அடுத்து உதய்ப்பூர், டிசம்பரில் அமிர்தசரஸ். அறுபது வீடியோ எடுத்துவிட்டேன். ஆனால் நானே செய்தால் ஆப்பம் தட்டையாக வருகிறது, கடுகு மீன் கசக்கிறது. முக்கியமானதை மறைக்கிறார்களோ என்று சந்தேகம். நான் எழுந்து போகும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும் (அம்மா எல்லாம் செய்து வைத்துவிட்டு எழுப்பியே பழக்கம்), அதற்குள் அரைப்பதெல்லாம் முடிந்திருக்கும். தாளிப்பு மட்டும்தான் பார்க்கக் கிடைக்கிறது. ஒளிக்காமல் கற்றுத்தரும் நல்ல வகுப்பு எங்கே இருக்கிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, யாரும் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

'அரைப்பதெல்லாம் முடிந்திருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் தானாக முடிவதில்லை. அரைத்தது யார்? அந்த வீட்டு அம்மாவா, உதவிக்கு வரும் அக்காவா? எத்தனை மணிக்கு எழுந்தார்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீங்கள் கற்கப் போன வித்தையே அவர் கையில் இருந்ததுதான். எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் படம் பிடிக்க எவராலும் முடியும்.

நம் நாட்டுச் சமையலில் பாதி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. ஊறவைப்பது, அரைப்பது, புளிக்க விடுவது, உறை ஊற்றுவது எல்லாம் முந்தின இரவின் வேலை. காய், மீன் வாங்குவது விடியற்காலை வேலை. இரண்டு வேளையும் நீங்கள் அங்கே இல்லை.

உங்கள் ஆப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி இரண்டு கப், நான்கைந்து மணி நேரம் ஊற வேண்டும். துருவிய தேங்காய் ஒரு கப் சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். வீடியோவில் சிக்காத கட்டம் இதற்கு அடுத்தது. இரண்டு மேசைக்கரண்டி அரிசி ரவையை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிண்டிக் கஞ்சி காய்ச்சுவார்கள். கப்பி என்று அதற்குப் பெயர். அதைக் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு மாவில் கலக்க வேண்டும். சூடாகக் கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு பொங்காது. கப்பியே போடாவிட்டால் நடுவில் பஞ்சு போன்ற மென்மை வராது. கூடவே சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. கள் கிடைக்காத வீட்டில் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. மூடி எட்டு மணி நேரம் வைப்பார்கள். காலையில் உப்பும் கொஞ்சம் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து மெல்ல ஒருமுறை புரட்டிவிடுவதோடு சரி. இட்லி மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். நீங்கள் கலக்கியிருப்பீர்கள். இத்தனையும் நடந்தது இரவு ஒன்பது மணிக்கும் காலை ஏழு மணிக்கும். ஒன்பதரைக்கு நீங்கள் பார்த்தது, ஒருவர் ஆப்பச்சட்டியைச் சுழற்றியதை.

கடுகு மீனும் அப்படித்தான். கருப்புக் கடுகு, மஞ்சள் கடுகு இரண்டிலும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பச்சை மிளகாய் இரண்டும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். மிளகாயும் உப்பும் கசப்பை அடக்கும் என்பது வங்காள வீடுகளின் அனுபவம். அம்மிக்கல்லில் அரைத்தால் சூடேறாது. மிக்ஸியை விடாமல் ஓட்டினால் சூடேறிக் கசந்துவிடும். விட்டு விட்டு அடியுங்கள். தோல் அதிகமாகத் தெரிந்தால் வடிகட்டுங்கள். கடுகெண்ணெயைப் புகை கிளம்பி நிறம் வெளிறும் வரை காயவிட்டு, தீயைக் குறைத்த பிறகுதான் கால் தேக்கரண்டி கருஞ்சீரகம் போட வேண்டும். அரைத்த கடுகை எண்ணெயில் வதக்கவே கூடாது. நம் ஊர் மசாலா போலப் பச்சை வாசனை போகட்டும் என்று வதக்கினால் கசப்பு உறுதி. ஒரு கப் தண்ணீரில் மஞ்சள்தூளோடு கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் அரைக் கிலோ மீனை இறக்கி, ஏழெட்டு நிமிடத்தில் அணைத்து, பச்சைக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி மேலே விடுங்கள்.

அதற்கும் முந்தைய பாடம் சந்தையில் இருக்கிறது. கொல்கத்தாவில் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போவது பல வீடுகளில் ஆண்களின் வேலை. நண்பரின் அப்பா போகிறாரென்றால் கூடப் போங்கள், பையை நீங்கள் தூக்குங்கள். கரியாஹாட் சந்தையில் அவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதையும், வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பதையும், எந்த மீனை வேண்டாம் என்று தள்ளுகிறார் என்பதையும் கவனியுங்கள். அவர் தள்ளிய மீனுக்குக் காரணம் கேளுங்கள். எந்த வகுப்பிலும் இது கிடைக்காது.

'கண்ணளவு' என்று சொல்லி உங்களைக் கைவிட்டிருப்பார்கள், அதை மறைப்பது என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நாற்பது வருடம் சமைத்த கைக்கு அளவைச் சொல்லத் தெரியாது, போடத்தான் தெரியும். ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் தொடங்கும் முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்க் கிண்ணம் மூன்றையும் எடை போட்டு எழுதுங்கள். முடிந்ததும் மறுபடி போடுங்கள். குறைந்ததுதான் அவர் போட்ட அளவு. அவர் கையைப் பிடித்து நிறுத்தவே வேண்டாம். 'எத்தனை நிமிடம்?' என்று கேட்காதீர்கள். 'ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். எண்ணெய் ஓரம் பிரிந்தது, சத்தம் அடங்கியது, வாசம் மாறியது என்று சொல்வார், அதை எழுதுங்கள். மாவை விரலில் எடுத்துப் பார்க்கும்போது நீங்களும் விரலை நீட்டுங்கள். வீடியோவில் பதம் தெரியாது.

அடுப்படியில் நுழையுமுன் செருப்பு வெளியே. குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டிய வீடு, சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாத வீடு, எச்சில் பார்க்கும் வீடு உண்டு. முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேமராவை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். பாத்திரம் கழுவாமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பாதீர்கள். வகுப்புக்குக் கட்டணம் கொடுத்தால், அரைத்துத் தந்த உதவியாளருக்கும் தனியாகக் கொடுங்கள். வீட்டில் தங்கினால் அன்றைய காயும் பழமும் உங்கள் செலவு. விருந்தாளி என்ற பெயரில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் விடியற்காலையைத் தின்றுவிட்டுப் போவது கற்றல் ஆகாது.

ஊருக்கு இரண்டு நாள் என்று ஓடுவதையும் விடுங்கள். ஒரு வாரம் ஒரே வீடு. ஒரே பண்டத்தை முதல் நாள் பார்த்து, இரண்டாம் நாள் கூடச் செய்து, மூன்றாம் நாள் தனியாகச் செய்ய வேண்டும். தவறுவது அந்த மூன்றாம் நாளில்தான், அப்போது திருத்த அவர் பக்கத்தில் இருப்பார்.

உதய்ப்பூரில் கட்டே கற்றுக்கொள்ளுங்கள், கடலைமாவு உருளைகளை வேகவைத்துத் தயிர்க் குழம்பில் போடுவது. காய் குறைந்த வறண்ட நாட்டில் கடலைமாவும் தயிரும் எப்படிக் குழம்பாகின்றன என்பது அதில் தெரியும். கடலைமாவு ஒரு கப், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தயிர் இரண்டு மேசைக்கரண்டி, ஓமம், மிளகாய்த்தூள், உப்பு. கெட்டியாகப் பிசைந்து விரல் தடிமனில் உருட்டி, கொதிநீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மேலே சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் வெந்துவிட்டது. எண்ணெய் குறைந்தால் கல்லாகிவிடும். வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள், குழம்புக்கு அதுதான். தயிரை ஒரு கரண்டி கடலைமாவோடு கடைந்து, சிறு தீயில், கொதி வரும்வரை கை விடாமல் கிண்டுங்கள். கையெடுத்தால் திரிந்துவிடும்.

அமிர்தசரஸில் நீங்கள் கேட்ட நல்ல 'வகுப்பு' இருக்கிறது, கட்டணம் கிடையாது. பொற்கோயிலின் லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் சமையற்கூடத்தில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பூண்டு உரிக்கலாம், ரொட்டி தேய்க்கலாம், தட்டுக் கழுவலாம். தலையில் துணி, காலில் செருப்பு இல்லை, புகையிலையும் மதுவும் கூடாது. முக்கியமான விதிகள் இவைதான். வரிசையில் உட்கார்ந்து நூறு ரொட்டி தேய்த்துவிட்டால் உருளைக்கட்டையை எங்கே அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். டிசம்பரில் போவதால் கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் அதற்குரிய பருவத்திலேயே கிடைக்கும். அந்த ரொட்டி மாவில் கோதுமையின் இழுவை இல்லை, அதனால் விரிசல் விடும். வெந்நீர் ஊற்றி, ஒரு ரொட்டிக்கு வேண்டியதை மட்டும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்து உடனே தட்டுங்கள். மொத்தமாகப் பிசைந்து வைத்தால் காய்ந்து ஓரம் வெடிக்கும்.

எங்கே தங்கினாலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றைக் கேளுங்கள். கொல்கத்தாவில் 'கால்கேர் ஜொன்னோ கீ பிஜியே ராக்போ?', வடக்கே 'கல் கே லியே க்யா பிகோனா ஹை?' நாளைக்கு எதை ஊறவைக்க வேண்டும் என்று அர்த்தம். கேட்டுவிட்டு நீங்களே ஊறப்போடுங்கள்.

இனி அம்மா. முப்பத்து மூன்று வயது மகனை, எல்லாம் செய்து வைத்துவிட்டு எழுப்புகிற அம்மா. அதை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கோட்டயத்தில் நீங்கள் பார்க்கத் தவறியதை உங்கள் வீட்டில் இத்தனை வருடமும் பார்க்கத் தவறியிருக்கிறீர்கள். பெற்றவளுக்குச் செய்ய வேண்டியது மாதப் பணத்தோடு முடிவதில்லை. ஊர் திரும்பிய அன்று மதியம் இட்லி அரிசி நான்கு ஆழாக்கு, உளுந்து ஒரு ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, நீங்களே ஊறவையுங்கள். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக, நான்கு மணி நேரம். உளுந்தை கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு பொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாதிப் பாத்திரம் காலியாக இருக்கும்படி மூடி வையுங்கள். மறுநாள் அலாரம் ஐந்து மணிக்கு. அவர் எப்படியும் விழித்துக்கொண்டு அடுப்படிக்கு வருவார். நாற்காலியைப் போட்டு உட்கார வையுங்கள், கரண்டியை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.