பழைய ஹைப்ரிட் காரு: வருசத்தப் பாக்கவா பேட்டரியப் பாக்கவா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ரப்பர் ஷீட் யாவாரம். திருவனந்தபுரத்துல ஒருத்தர் 2015 கேம்ரி ஹைப்ரிட் தாறேங்காரு, நாகர்கோவில்ல 2018 சியாஸ் பெட்ரோல் ஹைப்ரிட் ஒண்ணு நிக்குது. புதுசப் பாத்து சியாஸை எடுத்தா பேட்டரி செலவு வராதுல்லா?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: தம்பி, பெட்ரோல் இன்ஜினோட கரண்ட் மோட்டாரும் சேந்து இருந்தா அது ஹைப்ரிட். ரெண்டையும் ஹைப்ரிட்னுதான் விப்பான், உள்ள இருக்கது வேற வேற. சியாஸ்ல இருக்கது மைல்டு ஹைப்ரிட், சிக்னல்ல இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கெளம்பும்போது லேசா தள்ளிவிடும், கரண்ட்டுல மட்டும் ஓடாது. அதுல லித்தியம் பேட்டரி சின்னதுதான், அதனால செலவுப் பயமும் கம்மி, ஹைப்ரிட்டோட சொகமும் கம்மி.

டொயோட்டா கேம்ரிதான் முழு ஹைப்ரிட், கொஞ்ச தூரம் கரண்ட்டுல மட்டுமே ஓடும். பின்சீட்டுக்குப் பின்னால 200 வோல்ட்டுக்கு மேல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, அத ஒரு ஃபேன் கார் உள்ள இருக்க காத்த இழுத்துத்தான் குளிர வைக்கும். பின்சீட்டு பக்கம் காத்து போற ஓட்டைய துணி, பை, தூசின்னு அடைச்சு வச்சிருந்தா பேட்டரி சூடாகி சூடாகியே வீணாப் போவும், இத யாரும் க்ளீன் பண்றதே இல்ல, நான் பாத்த வண்டியில பாதிக்கு மேல ஃபேன்ல பஞ்சு மாதிரி தூசி. கடலோரத்துல நின்ன வண்டின்னா செல்களை இணைக்க செம்புப் பட்டையில பச்சை பூக்கும், அதையும் பாக்கச் சொல்லணும்.

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ரோட்டுல ஓட்டிப் பாருங்க. டேஷ்போர்டுல பேட்டரி சார்ஜ் காட்டுற கட்டை ஏத்தத்துல சர்ருன்னு எறங்கி, எறக்கத்துல சர்ருன்னு நெறஞ்சா அது களைச்சுப்போன பேட்டரி. ஒர்க்ஷாப்ல ஸ்கேனர் மெஷின் போட்டு பேட்டரிக்குள்ள ஒவ்வொரு பிளாக் (செல் கூட்டம்) வோல்டேஜையும் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஆனா டிக்கியில தனியா இருக்க சாதா 12 வோல்ட் பேட்டரி டவுனானாலே டேஷ்போர்டு பூராவும் லைட்டு எரியும், அதப் பாத்து பயந்துராதீங்க.

வருசம் எங்க முக்கியம்னா வாரண்டியிலதான். 2022ல வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டுக்கு பேட்டரி வாரண்டி 8 வருசம் இல்ல 1.6 லட்சம் கிலோமீட்டர், டொயோட்டாவும் 2021 ஆகஸ்ட்டுல இருந்து அதையே குடுக்கான். உங்க 2015க்கு ஒண்ணும் கெடையாது, போனா உங்க கைக்காசு. அதுக்காக பழசெல்லாம் மோசம்னு இல்ல, ஒழுங்கா வச்சிருந்த கேம்ரி நல்லா ஒழைக்கும், ஹோண்டாவோட பழைய 2008 சிவிக் ஹைப்ரிட் யாராவது மலிவா தந்தா மட்டும் தள்ளி நில்லுங்க, வெளிநாட்டுலயே பேட்டரி சீக்கிரம் சோர்ந்ததுக்கு பேர் போன வண்டி அது.

கேம்ரி கேஎல் வண்டிங்கறதால (கேரளா பதிவு) 2018 ஆகஸ்ட்டுல வெள்ளம் கேறினதான்னு கேளுங்க, அவரு இல்லம்பாரு, நீங்க கார்ப்பெட்ட தூக்கி சீட்டு போல்ட்டுல துரு இருக்கான்னு பாருங்க. அதோட கேரளா ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி, இங்க ரோடு டாக்ஸ் கட்டி டிஎன் 75னு மார்த்தாண்டம் நம்பர் ஆக்குற செலவையும் வெலையில கழிச்சுப் பேசுங்க.